தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு நூல்

குளியல் தொட்டியைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதுமே, "எங்கள் வீட்டில் வாளியும் சொம்பும்தான், இது நமக்கு எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குப் போய்விடாதீர்கள், சகோதரிகளே! தொட்டி இல்லாவிட்டாலும் உங்கள் வீட்டில் கை கழுவும் பேஸின் இருக்கிறது. சமையலறையில் மேடையும் ஸிங்க்கும் இருக்கின்றன. குளியலறைத் தரை சுவரைத் தொடும் மூலைகள் இருக்கின்றன. இன்றைக்குச் சொல்லும் விஷயம் அத்தனைக்கும் பொருந்தும்.

சென்னையில் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் இரண்டாவது மாடியில் குடியிருக்கும் சகோதரி ஒருவர் நீளமாகக் கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சாரம் இதுதான்:

"எங்கள் குளியலறையில் தொட்டி ஒன்று இருக்கிறது. மாமனாருக்கு மூட்டு வலி. வெந்நீரில் கால் நீட்டி உட்கார்ந்தால் அவருக்கு இதமாக இருக்கிறது. தொட்டியின் விளிம்புக்கும் சுவர் டைல்ஸுக்கும் நடுவே விரிசல் கண்டது. கொத்தனார் வந்து வெள்ளை சிமெண்ட் வைத்து அடைத்தார். இரண்டு மாதத்தில் மறுபடி விரிந்தது. மறுபடி அடைத்தார். மறுபடி விரிந்தது. மூன்று தடவை ஆகிவிட்டது. இதற்குள் கீழ் வீட்டுக் கூரையில் மஞ்சளாக ஒரு வட்டம் விழுந்துவிட்டது. பதினைந்து வருஷமாக எங்கள் வீட்டுக் கறிவேப்பிலையும் அவர்கள் வீட்டு மோரும் மாடிப்படி ஏறி இறங்கிக் கொண்டிருந்தன. இப்போது அந்த அம்மாள் லிப்டில் என்னைக் கண்டால் கைபேசியைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார். தொட்டியை உடைத்து எடுத்துவிடலாம் என்கிறார் என் கணவர். மாமனாரோ ஒன்றும் பேசாமல் வாளியில் குளிக்கத் தொடங்கிவிட்டார். என்ன செய்யட்டும்?"

தொட்டியை உடைக்க வேண்டாம், அம்மா. உடைத்தாலும் விரிசலின் குணம் தெரியாவிட்டால் அடுத்த மூலையில் அதே வியாதி வரும். முதலில் நோய்க்குக் காரணம் என்ன என்று பார்ப்போம்.

ஏன் விரிகிறது?

சாதாரணமாக ஐந்தடித் தொட்டியில் குளிக்கிற அளவுக்கு நிரப்பினால் சுமார் 150 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஆக, தண்ணீர் மட்டுமே 150 கிலோ. அதில் 60, 65 கிலோ எடையுள்ள ஒரு மனிதர் இறங்கினால் 200 கிலோவைத் தாண்டிவிடுகிறது. இத்தனை பாரத்தில் தொட்டி மயிரிழை அளவு கீழே இறங்குகிறது. குளித்து முடித்துத் தண்ணீரைத் திறந்து விட்டதும் மேலே எழும்புகிறது. வெந்நீர் பட்டால் கொஞ்சம் பெருக்கிறது, ஆறினால் சுருங்குகிறது. இப்போது அதிகமாக விற்பனையாகும் ஆக்ரிலிக் தொட்டிகளில் இந்த அசைவு அதிகம். பழைய வார்ப்பிரும்புத் தொட்டிகளில் குறைவு. சுவரோ இருந்த இடத்திலேயே இருக்கிறது.

ஒன்று அசைகிறது, மற்றொன்று அசையவில்லை. நடுவே கொண்டுபோய் வெள்ளை சிமெண்டை வைத்தால் என்ன ஆகும்? காய்ந்த சிமெண்ட் அப்பளம் மாதிரி. வளையாது, ஒடியும். ரவிக்கையில் அக்குள் பக்கம் துணி விடாமல் இறுக்கித் தைத்துவிட்டால், கையைத் தூக்கின முதல் நாளே தையல் பிரிகிறதல்லவா? நூல் மட்டம் என்று தையற்காரரைத் திட்டி என்ன பிரயோசனம்? அங்கே கொஞ்சம் துணி விட்டிருக்க வேண்டும். தொட்டியின் ஓரத்திலும் அப்படித்தான். நீளக்கூடிய, சுருங்கக்கூடிய பொருள் ஒன்று வேண்டும்.

ஆகவே கொத்தனாரிடம் கோபம் வேண்டாம். அவர் ஒழுங்காகத்தான் அடைத்தார். டைல்ஸுக்கும் டைல்ஸுக்கும் நடுவே சிமெண்ட் சாந்து சரியான பொருள்தான். இரண்டு வேறு பொருள்கள் சந்திக்கிற இடத்துக்கும், இரண்டு பக்கங்கள் மூலையாகச் சேருகிற இடத்துக்கும் மட்டும் அது லாயக்கில்லை. "இந்த ஒரு கோட்டை மட்டும் அடைக்காமல் காலியாக விட்டுவிடுங்கள்" என்று அவரிடம் சொன்னால் போதும்.

அந்தக் கோட்டில் நிரப்ப வேண்டியது சிலிக்கான் சீலண்ட். பார்ப்பதற்குப் பற்பசை போல இருக்கும், காய்ந்தால் ரப்பராகிவிடும். இந்தக் குடும்பத்துப் பொருள்களுக்கு 'சிலிக்கோன்' என்று பெயர் வைத்தவர் இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமில் ஆராய்ச்சி செய்த கிப்பிங் என்ற ரசாயனப் பேராசிரியர். சுமார் நாற்பது வருஷம் அதையே ஆராய்ந்தவர், இதனால் பெரிய உபயோகம் எதுவும் வரும் என்று நம்பவில்லை! அப்புறம் 1943-ல் அமெரிக்காவில் டௌ கார்னிங் என்ற கம்பெனி இதைத் தயாரிப்பதற்கென்றே தோன்றியது. 1969-ல் மனிதன் சந்திரனில் கால் வைத்தானே, அவனுடைய மேல்காலணியின் அடிப்பாகம் சிலிக்கோன் ரப்பர்தான். சந்திரனின் வெயிலையும் குளிரையும் தாங்கியது, நம் வீட்டு வெந்நீரைத் தாங்காதா?

திருடன் யார்?

கடைக்கு ஓடுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கீழ் வீட்டுக்குத் தண்ணீர் போவது இந்த விரிசல் வழியாகத்தானா என்று நிச்சயம் செய்துகொள்ளுங்கள். திருடன் ஒருவன் இருக்க, இன்னொருவனைப் பிடித்து அடைத்து என்ன லாபம்?

முதலில் இரண்டு மூன்று நாள் அந்தக் குளியலறையை யாரும் உபயோகிக்க வேண்டாம். அப்போதும் கீழே ஈரம் கூடிக்கொண்டே வந்தால், சுவருக்குள் போகும் தண்ணீர்க் குழாயில் கசிவு இருக்கலாம். அல்லது தண்ணீர் வேறு எங்கிருந்தோ வருகிறது. பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

ஈரம் கூடவில்லை என்றால், அடுத்த நாள் தொட்டியின் அடைப்பானைப் போட்டு, சுவரில் ஒரு துளி தெறிக்காமல் மெதுவாகத் தண்ணீர் நிரப்புங்கள். மேலே வழிந்தோடுவதற்கென்று ஒரு துவாரம் இருக்குமே, அதற்குக் கொஞ்சம் கீழே நிறுத்திக்கொள்ளுங்கள். தண்ணீர் மட்டத்தில் ஒரு சிறு டேப்பை ஒட்டி, சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் அடைப்பானோ தொட்டியோ கசிகிறது. இறங்கவில்லை என்றால் திறந்து விடுங்கள். திறந்துவிட்ட பிறகு கீழே ஈரம் கண்டால், கழிவுக் குழாயின் இணைப்பில்தான் கோளாறு. வழிந்தோடும் துவாரத்தையும் ஒரு சொம்புத் தண்ணீர் விட்டுச் சோதித்துவிடுங்கள். அதன் பின்னால் இருக்கும் ரப்பர் வளையம் காய்ந்து போவது சகஜம்.

இதற்கெல்லாம் தப்பியபின், விரிசலின் மேல் சுவரில் சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றுங்கள். இப்போது ஈரம் கண்டால் திருடன் அகப்பட்டான்!

ஒரு சோதனைக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒன்றிரண்டு நாள் இடைவெளி விடுவது அவசியம். நம் ஊர் அடுக்குமாடிகள் பலவற்றில் குளியலறைத் தளத்தைச் சற்றுப் பள்ளமாகப் போட்டு, குழாய்களைப் பதித்து, செங்கல் உடைசல் போட்டு மேடாக்கி, அதன்மேல் டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். உள்ளே போன தண்ணீர் அந்தச் செங்கலில் ஊறி, நிதானமாகத்தான் கீழே வரும். இன்று ஊற்றிய தண்ணீர் நாளை மறுநாள் தெரியலாம்.

அப்படியே தொட்டிக்கு மேலுள்ள டைல்ஸுகளை ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். 'டண்' என்று கேட்டால் நல்லது. 'தொப்' என்று கேட்டால் பின்னால் பிடிப்பு விட்டுப்போயிருக்கிறது. பல டைல்ஸுகள் அப்படி இருந்தால், அவற்றைக் கழற்றித் திரும்ப ஒட்டாமல் ஓரத்தை மட்டும் அடைப்பது வீண் செலவு.

ஆடுகிற தொட்டி

இனி, தொட்டியின் விளிம்பில் இரண்டு கையையும் வைத்து நன்றாக அழுத்திப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இறங்கினாலோ, ஆடினாலோ, எந்தப் பசையும் நிற்காது. தொட்டியின் கீழே திருகினால் உயருகிற கால்கள் இருக்கும். ஏதாவது ஒரு கால் தரையைத் தொடாமல் தொங்கிக்கொண்டிருக்கலாம். முன்பக்கம் சிறு கதவு இருந்தால், திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கால்களைத் திருகிச் சரிசெய்வதும், சுவர்ப் பக்க விளிம்பின் அடியில் இரும்புச் சட்டமோ மரச் சட்டமோ அடித்து முட்டுக் கொடுப்பதும் பிளம்பரின் வேலை. விளிம்பு சுவர்மேல் உட்கார்ந்துகொண்டால் அசைவில் பெரும்பாகம் அடங்கிவிடும். மீதிக் கொஞ்சத்தைத்தான் சிலிக்கான் பார்த்துக்கொள்ளும்.

கடையில் என்ன கேட்பது?

ஹார்டுவேர் கடையில் போய் "சீலண்ட் ஒன்று கொடுங்கள்" என்றால், கைக்கு எட்டியதை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். குழாயின் மேலே எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள்.

குளியலறைக்கென்று பூஞ்சைத் தடுப்பு மருந்து சேர்ந்தது தனியாக இருக்கிறது. 'சானிட்டரி' என்று போட்டிருக்கும். அதுதான் வேண்டும். ஆக்ரிலிக் சீலண்ட் என்று விலை மலிவாக ஒன்று கிடைக்கும். அது காய்ந்த சுவர் விரிசலுக்கும் பெயிண்ட் அடிக்கிற இடத்துக்கும் ஏற்றது. தண்ணீர் நிற்கிற இடத்துக்கு ஆகாது.

சிலிக்கானிலும் இரண்டு ஜாதி. ஒன்று காயும்போது வினிகர் வாடை அடிக்கும். கண்ணாடிக்கும் மெருகேற்றிய டைல்ஸுக்கும் அது பரவாயில்லை. ஆனால் அதில் வெளியாகும் அமிலம் சலவைக்கல்லையும் சிமெண்டையும் அரிக்கும். முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்பூச்சைக் கெடுக்கும். மற்றது 'நியூட்ரல்' என்று எழுதிய வகை. அதற்கு அந்தத் தோஷம் இல்லை. விலை கொஞ்சம் அதிகம். சந்தேகம் இருந்தால் நியூட்ரலே வாங்குங்கள்.

காலாவதித் தேதியைப் பார்க்க மறக்க வேண்டாம். வெயிலில் நாள்பட்டுக் கிடந்த குழாய் சில சமயம் பூசியபின் இறுகாமல் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும்.

எவ்வளவு வேண்டும்? குழாய் ஒன்றில் சுமார் 280 மில்லி இருக்கும். ஐந்தடித் தொட்டிக்கு மூன்று பக்கம் சுவர் என்றால் மொத்தம் பத்தடி நீளம். இரண்டு நூல் அகலமும் அதே ஆழமும் உள்ள கோட்டுக்கு அதில் பாதிகூடச் செலவாகாது. ஒரே குழாய் போதும். இரண்டு நூல் என்றால் கால் அங்குலம். கடைக்காரர் பாஷையில் 6 மில்லி மீட்டர். அதோடு, குழாயை வைத்து அழுத்தும் 'கன்', மாஸ்கிங் டேப் ஒரு சுருள், கையுறை. எல்லாம் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும்.

இடைவெளி இரண்டு நூலுக்கு மேல் இருந்தால், 'பேக்கர் ராடு' என்று மெத்தென்ற நுரைக் கயிறு விற்கிறது. இடுக்கைவிடச் சற்றுப் பருமனாக வாங்கி உள்ளே அழுத்திவிட்டு, அதன்மேல் சிலிக்கான் போட வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சிலிக்கான் இரண்டு பக்கத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டால்தான் ரப்பர் நாடா மாதிரி நீளும். அடிப்பக்கத்திலும் ஒட்டிக்கொண்டால் நீள வழியில்லாமல் பிய்ந்துவிடும். அந்தக் கயிற்றில் சிலிக்கான் ஒட்டாது. ஒரு அங்குலம் அளவுக்குப் பெரிய இடைவெளியானால் இது கைவேலை அல்ல. தொட்டியை நகர்த்தியோ டைல்ஸ் துண்டு ஒட்டியோ குறைத்த பிறகுதான் பூச வேண்டும்.

பழையதை எடுப்பது

மொத்த வேலையில் முக்கால் பங்கு இதுதான். பொறுமை இல்லாதவர்கள் கோட்டை விடுவதும் இங்கேதான். பழைய சிமெண்டையோ பழைய சிலிக்கானையோ அப்படியே விட்டு மேலே பூசினால் ஒட்டாது. முக்கியமாக, காய்ந்துபோன சிலிக்கான்மேல் புதுச் சிலிக்கான் பிடிக்கவே பிடிக்காது. முழுவதும் எடுத்தாக வேண்டும்.

டைல்ஸ் பக்கம் பிளேடு வைத்து அறுக்கலாம். ஆக்ரிலிக் தொட்டியின் பக்கம் பிளேடு பட்டால் கீறல் விழும். அங்கே பழைய பிளாஸ்டிக் அட்டை, ஸ்கேல் ஆகியவற்றால் சுரண்டுங்கள். சிமெண்ட் துகள் தொட்டிக்குள் விழுந்து கீறாமல் இருக்க, பழைய போர்வையை விரித்துக்கொள்ளுங்கள். கழிவுத் துவாரத்தைத் துணியால் அடைத்துவிடுங்கள்.

எடுத்த இடம் கறுத்திருந்தால் ப்ளீச்சிங் திரவத்தைத் தண்ணீரில் கலந்து தடவி, கழுவிவிடுங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை. நம் வீடுகளில் டைல்ஸ் பளபளக்க ஆசிட் ஊற்றும் வழக்கம் இருக்கிறது. ப்ளீச்சிங்கும் ஆசிட்டும் ஒன்றாகச் சேர்ந்தால் குளோரின் என்ற விஷ வாயு கிளம்பும். மூடின குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. ஒன்றை உபயோகித்த நாளில் மற்றதைத் தொடாதீர்கள். வேலைக்கு வரும் பெண்ணிடமும் இதை விளக்கிச் சொல்லிவிடுங்கள். சொல்லப்போனால் ஆசிட்டே வேண்டாம். அது அழுக்கை எடுக்கிற மாதிரியே டைல்ஸ் இடுக்குச் சாந்தையும் தின்றுவிடுகிறது. பல வீடுகளில் கசிவு ஆரம்பிப்பதே அதனால்தான்.

இனி காய வேண்டும். இரண்டு மூன்று நாளாவது அந்த அறையில் தண்ணீர் புழங்காமல், ஜன்னலைத் திறந்து வையுங்கள். மின்விசிறி வைப்பதானால், ஈரம் எட்டாத தூரத்தில், வாசலுக்கு வெளியே வையுங்கள். உள்ளே ஈரம் இருக்கும்போது மேலே மூடினால், ஈரத்தைச் சிறை வைத்த மாதிரிதான். பூசுவதற்குச் சற்று முன்னால், ஐசோப்ரொபைல் ஆல்கஹாலை ஒரு துணியில் லேசாகத் தொட்டு இரண்டு பக்கமும் துடைத்துவிடுங்கள். சோப்புப் பசையும் எண்ணெய்ப் பிசுக்கும் போய்விடும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற வீடுகளில் இதை விடவே கூடாது.

தொட்டியை நிரப்பிக்கொண்டு பூசுங்கள்

கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் இந்தக் காரியத்தின் ரகசியமே இதுதான். பூசுவதற்குமுன் தொட்டியில் தண்ணீர் நிரப்பிவிடுங்கள். வெந்நீர் வேண்டாம். வழிந்தோடும் துவாரத்துக்குச் சற்றுக் கீழே வரை நிரம்பட்டும்.

ஏன்? காலித் தொட்டியில் பூசினால், இடைவெளி மிகக் குறுகி இருக்கும்போது பூசுகிறோம். பிறகு தண்ணீரும் ஆளும் இறங்கியதும் இடைவெளி அகலும். சிலிக்கான் இழுபட்டு, ஒட்டு விடும். நிரப்பிவிட்டுப் பூசினால், இடைவெளி நன்றாக அகன்றிருக்கும்போது பூசுகிறோம். பிறகு தண்ணீரைத் திறந்ததும் சிலிக்கான் கொஞ்சம் நசுங்கும், அவ்வளவுதான். நசுங்குவது ரப்பருக்குக் கஷ்டமில்லை. பிள்ளைகளுக்குச் சட்டை தைக்கும்போது, கையைத் தூக்கச் சொல்லி அளவெடுப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

நிரப்பின தண்ணீர் ஒரு முழு நாள், அதாவது 24 மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும். சகோதரிகளே, வீட்டில் தவழும் குழந்தையோ ஓடி விளையாடும் குழந்தையோ இருந்தால், அந்த ஒரு நாளும் குளியலறைக் கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டு வையுங்கள். எட்டாத உயரத்தில் போடுங்கள். குழந்தைக்கு நிரம்பின தொட்டி கிணற்றுக்குச் சமானம். அப்படிக் காவல் வைக்க முடியாத வீடானால், குழந்தைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பும் நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

கோடு போடும் முறை

கோலம் போடத் தெரிந்த கைக்கு இது ஒரு பிரமாதமே இல்லை.

இடுக்குக்கு மேலே டைல்ஸில் ஒரு வரியும், கீழே தொட்டி விளிம்பில் ஒரு வரியும் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். நடுவே இரண்டு நூல் அகலத்துக்கு ஒரே சீராக இடம் விடுங்கள். விரிசல் மெல்லியதாக இருந்தாலும் இந்த அகலம் வேண்டும். அப்போதுதான் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளப் போதிய இடம் இருக்கும்.

குழாயின் மூக்கைச் சாய்வாக, இடைவெளி அளவுக்குத் துவாரம் வரும்படி வெட்டுங்கள். கொஞ்சமாக வெட்டி, போதாவிட்டால் மறுபடி வெட்டலாம். முதலில் பழைய செய்தித்தாளில் ஓர் அடி நீளம் இழுத்துப் பழகுங்கள். பிறகு ஒரு மூலையில் தொடங்கி, அடுத்த மூலை வரை நிறுத்தாமல் போங்கள். உள்ளே வரை போய் நிரம்புகிற மாதிரி அழுத்தம் இருக்க வேண்டும். மேலே பூசி மெழுகுவது உதவாது.

ஒரு பக்கம் முடிந்ததும் உடனே, கையுறை போட்ட விரலைச் சோப்புத் தண்ணீரில் லேசாக நனைத்து, ஒரே இழுப்பாகத் தடவிவிடுங்கள். தண்ணீர் உள்பக்கம் சாயாமல் தொட்டிக்குள் வழிகிற மாதிரி சரிவாக இருக்கட்டும். பத்து நிமிஷத்தில் மேலே ஏடு கட்ட ஆரம்பித்துவிடும். பாலில் ஆடை படிகிற மாதிரி. அதற்குமுன் தடவல் முடிய வேண்டும். டேப்பையும் ஈரமாக இருக்கும்போதே பக்குவமாக உரித்துவிட வேண்டும். காய்ந்த பிறகு உரித்தால் கோடும் சேர்ந்து பிய்ந்து வரும். பிறகு தொடாதீர்கள். சரியாக இல்லையோ என்று ஒரு மணி நேரம் கழித்து விரலால் தடவிப் பார்க்கிற சபலம்தான் பல நல்ல கோடுகளைக் கெடுத்திருக்கிறது.

சிலிக்கான் காய்வது வெயிலினால் அல்ல, காற்றிலுள்ள ஈரத்தினால். சென்னையின் புழுக்கம் நமக்கு உதவி செய்வது இந்த ஒரு காரியத்தில்தான்! ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லி மீட்டர் ஆழம் இறுகும். ஆகையால் 24 மணி நேரம் கழித்துத் தண்ணீரைத் திறந்துவிட்டாலும், குளிப்பதை இன்னும் ஓரிரு நாள் தள்ளிப்போடுவது உத்தமம்.

இத்தனையும் நீங்களே செய்ய வேண்டும் என்பதில்லை. ஆள் வைத்துச் செய்தாலும், பழையதை முழுவதும் எடுத்தாரா, காயவிட்டாரா, நிரப்பிவிட்டுப் பூசினாரா என்ற மூன்று கேள்விகளைப் பக்கத்தில் நின்று கேட்கத் தெரிந்தால் போதும். "அதெல்லாம் எதுக்கும்மா, நான் பார்த்துக்கறேன்" என்று பதில் வரும். சிரித்துக்கொண்டே மறுபடி கேளுங்கள்.

தொட்டி இல்லாத வீடுகளுக்கு

பேஸின் சுவரைத் தொடுகிற மேல் விளிம்பு, சமையல் மேடைக் கிரானைட்டும் சுவர் டைல்ஸும் சேரும் கோடு, ஸிங்க்கைச் சுற்றியுள்ள ஓரம், குளியலறைத் தரையும் சுவரும் சேரும் மூலை: இந்த நாலு இடங்களிலும் வெள்ளை சிமெண்ட் வெடித்திருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். வைத்தியம் மேலே சொன்னதுதான். நிரப்பித் தயார் செய்யும் சிரமம் இல்லை. கிரானைட், சலவைக்கல் அருகே நியூட்ரல் வகையை மட்டும் உபயோகியுங்கள். மேடை ஓரத்துக் கோடு கெட்டால், ஸிங்க் அடியிலுள்ள மர அலமாரி உப்பி, கரப்பான் குடியேறும். அப்போதுதான் பலருக்கு விஷயமே தெரியவருகிறது.

கோட்டின்மேல் கறுப்புப் புள்ளிகள் மேலாக இருந்தால் தேய்த்தால் போகும். சிலிக்கானுக்கு உள்ளேயே கறுத்துவிட்டால் எந்த மருந்துக்கும் போகாது. எடுத்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். குளித்து முடித்ததும் பழந்துணியால் ஒரு முறை ஓரத்தைத் துடைத்து, ஜன்னலைத் திறந்து வைத்தால் கறுப்பு வருவதே அபூர்வம்.

கீழ் வீட்டு விஷயம்

சிமெண்டும் சிலிக்கானும் ஆயிற்று. கடிதம் எழுதிய சகோதரியின் மனசை உறுத்துவது இவை இரண்டும் அல்ல என்று எனக்குத் தெரியும்.

கீழ் வீட்டு அம்மாள் பேசட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நீங்களே இறங்கிப் போங்கள். "உங்கள் கூரையை நான் பார்க்க வேண்டும்" என்று சொல்லுங்கள். நம் வீட்டுத் தண்ணீர் பிறர் தலைமேல் சொட்டும்போது, அவர்களுக்குக் கோபம் தண்ணீரால் மட்டும் வருவதில்லை. மேலே இருப்பவர்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லையே என்பதால்தான் அதிகம் வருகிறது.

போகும்போது ஒரு பென்சில் எடுத்துக்கொண்டு போங்கள். அந்த மஞ்சள் வட்டத்தின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் தேதியை எழுதி வையுங்கள். சோதனை நாள்களிலும், பூசின பிறகும், வட்டம் கோட்டைத் தாண்டுகிறதா என்று இருவரும் சேர்ந்து பார்க்கலாம். "நிற்கவில்லை", "நின்றுவிட்டது" என்ற வாக்குவாதத்துக்கே இடமில்லை. பென்சில் கோடு பொய் சொல்லாது.

கசிவு நின்ற மறுநாளே கூரைக்குப் பெயிண்ட் அடிக்கச் சொல்லாதீர்கள். செங்கலில் ஊறிய தண்ணீர் வற்றச் சில வாரங்கள் ஆகும். அதுவரை ஓதம் இருக்கத்தான் செய்யும். அவசரப்பட்டு அடித்த பெயிண்ட் உரியும். "காய்ந்ததும் அடித்துத் தருகிறோம்" என்று இப்போதே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வாக்கியம் போதும். மோர் மறுபடி மாடி ஏற ஆரம்பித்துவிடும்.

ஆனால் கூரையில் காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி தெரிந்தால், அது பெயிண்ட் சமாசாரம் அல்ல. துருப்பிடித்த கம்பி பருக்கும்; பருத்தால் சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளக்கும். பொறியாளர் ஒருவரைத் தாமதமின்றிக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அதுவரை அதன் கீழே கட்டிலையோ தொட்டிலையோ போட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. எவ்வளவு நன்றாகப் போட்டாலும் சிலிக்கான் கோடு சாசுவதம் அல்ல. வருஷத்துக்கு இரண்டு முறை, போகிக்கு வீட்டை ஒழிக்கும்போது ஒரு தடவையும், ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு தடவையும், விரல் நகத்தால் அந்தக் கோட்டின் ஓரத்தை நெம்பிப் பாருங்கள். நகம் உள்ளே நுழைந்தால், தண்ணீரும் நுழையும். அன்றைக்கே கவனித்துவிட்டால் ஒரு குழாய்ச் செலவோடு போகும்.